பகடையை மறைக்கும் முன்கதைச் சுருக்கங்கள்

பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலை, பிரதேச நிருபர்கள் அனுப்பும் விளையாட்டுச் செய்திகளைச் சுருக்குவது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, கழகங்களுக்கிடையிலான உதைபந்தாட்டம், மென்பந்துத் துடுப்பாட்டம் என்று நாளொன்றுக்கு இருபது முப்பது வந்து சேரும். பிரதம விருந்தினர் யார், மாலை அணிவித்தவர் யார், நன்றியுரை வழங்கியவர் யார் என்பன எல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கும். யார் வென்றார் என்பது மட்டும் சிலவற்றில் இராது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "அது இஞ்ச எல்லாருக்கும் தெரியும்தானே ஐயா" என்று பதில் வரும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே குறைபாட்டுடன் எனக்கு ஒரு செய்தி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பியவன் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கையின் மகன். அவனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' ஆடுகிறார்கள். ஒவ்வொரு அமர்வின் பின்னரும் நடந்தவற்றை எழுதி வைப்பது அவன் பொறுப்பு. "மாமா, நீங்கள் எத்தனை பேற்ற எழுத்தைத் திருத்தியிருப்பியள், இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று சென்ற மாரிகாலத்தில் ஆங்கிலத்தில் பதினொரு பக்கங்களை அனுப்பிவைத்தான். வாசித்தேன். வாள்கள் மின்னின. மலைகள் அதிர்ந்தன. வீரர்கள் வீர வசனம் பேசினார்கள். மூன்றாம் பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவிக்கான காரணத்தைத் தேடிப் போனதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். இது கணினி விளையாட்டன்று. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மலை, காடு, கோட்டை, எதிரி ஆகிய அனைத்தும் அவருடைய வாய்மொழியில் உருவாகும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். சொன்னது நிறைவேறுமா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை உருட்டப்படும். பெரும்பாலும் இருபது முகங்கொண்ட பகடை. விழுந்த எண்ணுடன் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி, எட்டாவிட்டால் தோல்வி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆக்கிய இந்த ஆட்டத்தின் விதிநூல் 1974 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிறு நகரிலிருந்து வெறும் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. ஒரே கதை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தொடரும். இந்தத் தொடராட்டத்தைக் 'கம்பெயின்' என்கிறார்கள்.

மாதக்கணக்கில் தொடரும் கதையில் ஆளுக்கு ஆள் மறதி வரும். எனவே நடந்ததை யாரேனும் எழுதி வைக்க வேண்டும். நம்முடைய வார இதழ்த் தொடர்கதைகளின் தலையில் பெட்டி கட்டிப் போடுவார்களே முன்கதைச் சுருக்கம், அதே தேவைதான். ஆனால் தொடர்கதையின் முன்கதைச் சுருக்கத்தை யாரும் தனியே எடுத்து அயல்வீட்டுக்குக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. இவர்கள் சொல்கிறார்கள். மேசையில் இருந்த ஐவருக்காக எழுதப்பட்டது ஐம்பது பேருக்கும் ஐந்நூறு பேருக்கும் போகிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

இத்தகைய குறிப்புகள் அலுப்பூட்டுகின்றன என்பது என்னுடைய கண்டுபிடிப்பு அன்று. "என்னுடைய பாத்திரத்தைப் பற்றிச் சொல்லட்டுமா" என்று ஒருவர் வாயெடுத்தாலே மற்றவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்பது அந்த ஆட்டக்காரர்களிடையே பழகிப்போன பகிடி. அடுத்தவர் கண்ட கனவைக் கேட்பது போன்றது அது என்பார்கள். ஆனால் கனவு என்ற ஒப்புமை எனக்குச் சரியாகப் படவில்லை. கனவில் யாரும் எதையும் தெரிவு செய்வதில்லை. இங்கே ஐந்து பேர் யோசித்து, வாதாடி, ஒரு முடிவை எடுத்து, பின்னர் அந்த முடிவைப் பகடையிடம் ஒப்படைக்கிறார்கள். கேட்கச் சுவையான விடயம் அதுதான். எழுத உட்காரும்போது அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

துடுப்பாட்டத்தை எண்ணிப் பாருங்கள். கடைசி ஓவரில் பத்து ஓட்டங்கள் வேண்டும், ஒரு விக்கெட்தான் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், மட்டைக்காரர் அடித்த ஒற்றை ஓட்டம்கூட நமக்குப் பதைப்பைத் தரும். அந்த எண்களை மறைத்துவிட்டு, "இளஞ்சூரியனைப் போன்று எழுந்த அவ்வீரர் தம் மட்டையை இடியெனச் சுழற்றினார்" என்று நிருபர் எழுதினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் மருமகனின் பதினொரு பக்கங்களில் எவருக்கும் எந்த இடத்திலும் என்ன வேண்டியிருந்தது, எது விழுந்தது என்ற தகவல் இல்லை. பகடை என்ற சொல்லே இல்லை. வென்றவர்கள் வீரத்தால் வென்றார்கள். தோற்றவர்கள் குணக்குறையால் தோற்றார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு குறிப்பு உண்டு. இந்த ஆட்டக்காரர்கள் உலகில் அநேகமாக எல்லோரும் அறிந்த கதை அது. 1980 களில் றிச்சர்ட் ஆரன்சன் என்பவர் எழுதியது. ஆட்டத்தில் எரிக் என்ற ஒருவரின் வீரன் ஒரு தோட்டத்துக்கு வருகிறான். குன்றின் மேல் ஒரு 'கசீபோ' நிற்பதாக ஆட்டத்தை நடத்துபவர் சொல்கிறார். கசீபோ என்றால் தோட்டத்தில் அமர்ந்து இளைப்பாறுவதற்குத் தூண்கள் நிறுத்திக் கூரை போட்ட சிறு மண்டபம். எரிக்குக்கு அந்தச் சொல் தெரியாது. ஏதோ பூதம் என்று நினைத்துக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று மந்திரத்தால் சோதிக்கிறார். கூப்பிட்டுப் பார்க்கிறார். பதில் இல்லை. அம்பெய்கிறார். அம்பு தைத்தபடி மண்டபம் நிற்கிறது. காயம் படவில்லையா என்று கேட்கிறார். அது ஒரு கசீபோ என்று ஆட்டத்தை நடத்துபவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எரிக் பயந்து ஓட முனையும்போது, பொறுமையிழந்த நடத்துநர், இனிப் பயனில்லை, அதை எழுப்பிவிட்டாய், அது உன்னைப் பிடித்துத் தின்றுவிட்டது என்று கதையை முடித்துவிடுகிறார்.

ஒரு பக்கம்கூட இல்லாத குறிப்பு. நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதில் எரிக்கின் வீரனைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. அவனுடைய குலமும் கோத்திரமும் வாளின் பெயரும் யாருக்கு வேண்டும்? தெரிவதெல்லாம் மேசையின் இரு பக்கத்திலும் இருந்த இரு மனிதர்களைத்தான். ஒருவர் தெரியாத சொல்லைத் தெரியாதென்று கேட்கக் கூச்சப்பட்டார். மற்றவர் விளக்கிச் சொல்லும் பொறுமையை இழந்தார். ஆரன்சன் இதை வீரகாவியமாக எழுதியிருந்தால், "பயங்கரமான தோட்டத்து அரக்கன் அவனை விழுங்கியது" என்ற ஒரு வரி மிஞ்சியிருக்கும். அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது எனக்கு ஒரு தொழில்வழி மகிழ்ச்சி கிடைத்தது. இது பத்திரிகைத் தொழிலோடு கூடப் பிறந்த பிள்ளை. டேவ் ஆர்னெசன் மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் 1971 அளவில் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை வைத்து நண்பர்களுடன் ஆடத் தொடங்கினார். விதிநூல் அச்சாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அந்த நாட்டுக்கென்று அவர் ஒரு செய்தித்தாளையும் வெளியிட்டார். அதன் பெயரைத் தமிழில் 'பிளாக்மூர் வர்த்தமானியும் வதந்திக்காரனும்' என்று சொல்லலாம். வதந்தியைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட பத்திரிகை அது ஒன்றாகத்தான் இருக்கும். மற்றவை அந்த அளவுக்கு நேர்மையாக இல்லை.

அடுத்து 1975 ஜூன் மாதம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அறிவியற் புனைகதை ஆர்வலர்கள் தமக்குள் ஒரு கூட்டு இதழை நடத்தி வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே தட்டச்சுச் செய்து கொண்டுவர, ஒருவர் எல்லாவற்றையும் அடுக்கித் தைத்து அனைவருக்கும் விநியோகிப்பார். புதிய விளையாட்டைப் பற்றிய பேச்சு அந்த இதழின் பக்கங்களை மெல்ல மெல்ல விழுங்கத் தொடங்கவே, அதற்கென்று வேறோர் இதழைத் தொடங்குங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. லீ கோல்ட் என்ற பெண்மணி அதை ஏற்றுக்கொண்டார். 'அலாரம்ஸ் அன்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்று பெயர். பழைய ஆங்கில நாடகங்களில், மேடையில் போர் நடப்பதைக் குறிக்கும் குறிப்பு அது. நாம் றோணியோ என்று சொல்லும் முறையில் படியெடுத்த பக்கங்கள். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, தங்கள் மேசையில் நடந்ததை எழுதி அனுப்பினார்கள். அடுத்த இதழில் மற்றவர்கள் மறுமொழி எழுதினார்கள். நீங்கள் அந்த விதியைப் பயன்படுத்திய முறை பிழை, எங்களிடம் அப்படி நடந்தபோது இப்படித் தீர்த்தோம் என்று. 2025 வரை ஐம்பது ஆண்டுகள் அந்த இதழை அவரே நடத்தினார். ஒரே ஆசிரியர் அரை நூற்றாண்டு நடத்திய இதழ்கள் நம் மொழியில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், அது வேறு கட்டுரை.

நான் கவனிக்கும் விடயம் இதுதான். அந்தக் காலக் குறிப்புகள் உதவுவதற்காகப் பகிரப்பட்டவை. விதிநூலோ அரைகுறையாக இருந்தது. எப்படி ஆடுவது என்பதை ஒரு மேசை மறு மேசைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனவே மேசையில் நடந்ததை மறைப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

யப்பானியர்களும் இதைச் செம்மையாக விளங்கிக்கொண்டவர்கள். 1986 இல் 'கொம்ப்டிக்' என்ற கணினி விளையாட்டுச் சஞ்சிகையில் ஒரு புதுவகைத் தொடர் வெளிவரத் தொடங்கியது. ரியோ மிசுனோ என்பவர் ஆட்டத்தை நடத்த, அவருடைய நண்பர்கள் ஆடினார்கள். ஆடியதை நாடக வசனம் போல, யார் என்ன சொன்னார், பகடையில் என்ன விழுந்தது, எங்கே சிரித்தார்கள் என்பது உட்பட அச்சிட்டார்கள். இதற்கு 'ரிப்ளே' என்று பெயர். இந்த விளையாட்டு எப்படி ஆடப்படுகிறது என்பதே தெரியாத வாசகர்களுக்கு அதைக் காட்டித் தருவது அதன் நோக்கம். 'லோடொஸ் தீவின் போர்' என்ற அந்தத் தொடரின் புகழ் பின்னர் நாவலாகி, 1990 இல் அசைபடமாகி, உலகமெங்கும் போனது. அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் குலப் பெண்ணை யப்பானிய இளைஞர் ஒரு தலைமுறையே காதலித்தது என்பார்கள். மேசையில் அந்தப் பாத்திரத்தை ஆடியவர் ஹிரோஷி யாமமோத்தோ என்ற ஆண் எழுத்தாளர்! நாவலில் இந்தச் செய்திக்கு இடமில்லை. ரிப்ளேயில் இடமுண்டு. இன்றும் யப்பானில் ரிப்ளே என்பது புத்தகக் கடையில் தனித்து நிற்கும் ஒரு நூல்வகை. காசு கொடுத்து வாங்கி வாசிக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் மருமகன் ஒரு மறுப்புச் சொன்னான். இலகுவில் தள்ளிவிடக்கூடிய மறுப்பு அன்று. "மாமா, மேசையில ஆடினதிலயிருந்துதானே எத்தினை நல்ல கதையள் வந்தது" என்றான். உண்மை. ஜோர்ஜ் மார்ட்டினும் நண்பர்களும் 1980 களில் நியூ மெக்சிக்கோவில் 'சூப்பர்வேர்ல்ட்' என்ற ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்ததிலிருந்துதான் 1987 இல் 'வைல்ட் கார்ட்ஸ்' நூல்வரிசை பிறந்தது. 2011 இல் தொடங்கிய 'தி எக்ஸ்பான்ஸ்' நாவல்களுக்கு மூலம், டை ஃபிராங்க் நடத்திய ஒரு விண்வெளி ஆட்டம். அதில் ஒரு பாத்திரம் கதையின் தொடக்கத்திலேயே சட்டெனச் செத்துப்போகும். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் ஆட்டத்தை விட்டு விலகிவிட்டதே காரணம். ஆக, நாவலிலும் மேசையின் நிழல் விழுந்துதான் இருக்கிறது.

ஆனால் அவர்கள் செய்தது வேறு. அவர்கள் ஆட்டத்தை எடுத்து, உடைத்து, ஆண்டுக்கணக்கில் மறுபடி எழுதி, நாவல் என்ற பெயரில் நாவலை விற்றார்கள். வாசகர் அதை நடந்த ஆட்டத்தின் பதிவென்று எண்ணி வாங்குவதில்லை. திங்கட்கிழமை ஆடியதை செவ்வாய்க்கிழமை எழுதி, "இதுதான் நடந்தது" என்று ஐவரின் பெயரால் அனுப்புவது நாவல் அன்று. அது செய்தி. அதற்குச் செய்தியின் கடமைகள் உண்டு.

இப்போதைய இளைஞர்கள் காவிய நடைக்கு ஏன் இழுபடுகிறார்கள் என்பதும் விளங்காமலில்லை. 2015 மார்ச்சில் தொடங்கிய 'கிரிட்டிக்கல் றோல்' என்ற நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். குரல் நடிப்பையே தொழிலாகக் கொண்ட சிலர், தங்கள் வீட்டில் ஆடிவந்த ஆட்டத்தை ஒளிபரப்பினார்கள். 2019 இல் அதை அசைபடமாக்க நிதி கேட்டபோது ஒரு கோடியே பத்து இலட்சம் டொலருக்கு மேல் குவிந்தது. 2022 இல் அசைபடம் வெளிவந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தங்கள் மேசையும் அப்படி ஒலிக்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டார்கள். அந்த நிகழ்ச்சியில் பகடை எல்லோர் கண்முன்னாலும் உருள்கிறது. ஒன்று விழுந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பதை நாம் பார்க்கிறோம். இலட்சக்கணக்கானோரை அங்கே இருத்தி வைப்பது அந்தக் கை.

சரி, அலுப்புத்தான் ஒரே குறை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மாசி மாதம் ஒரு நாள் இரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தான். குரல் சரியாக இல்லை. அவர்களுடன் ஆடும் ஒரு பெண்பிள்ளை இரண்டு அமர்வுகளாக வரவில்லையாம். அவள் மருத்துவச்சிப் பாத்திரத்தை ஆடுபவள். அதற்கு முந்திய அமர்வில் உப்பு வணிகர்களை மலை வழியே கூட்டிச்செல்லும்போது கயிற்றுப் பாலம் அறுந்து, வணிகரின் சிறுவன் ஒருவன் பள்ளத்தில் வீழ்ந்து இறந்துவிட்டான். மருமகன் தன் குறிப்பில், மருத்துவச்சி அச்சத்தால் உறைந்து நின்றாள், அவள் கை நீளவில்லை, பாலம் அறுந்தது என்று எழுதியிருந்தான். நல்ல வசனங்கள். அதை வெளியிலுள்ள நண்பர்கள் முப்பது நாற்பது பேருக்கும் அனுப்பியிருந்தான். அவர்களில் ஒருவர் வளாகத்தில் அவளைக் கண்டு, "நீதானே அந்தப் பயந்தாங்கொள்ளி" என்று சிரித்திருக்கிறார்.

"நான் ஒரு பொய்யும் எழுதேல்லை மாமா. பாலம் அறுந்தது உண்மைதானே."

"அது கிடக்கட்டும். மேசையில என்ன நடந்தது எண்டு சொல்லு, கேப்பம்."

சொன்னான். இருபது நிமிடம் சொன்னான். பாலத்தை விட்டு ஓடிவிடலாம் என்று மற்ற நால்வரும் நின்றிருக்கிறார்கள். முதலில் ஓடச் சொன்னவன் இவனுடைய வீரன். அவள் மட்டும், சிறுவனை விட்டுவிட்டு நான் வரமாட்டேன் என்று கால் மணித்தியாலம் வாதாடியிருக்கிறாள். யாரும் இணங்காததால் தனியே திரும்பிப்போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். பத்து விழுந்திருந்தால் போதும். அவள் பகடையை உருட்டியபோது மூன்று விழுந்தது. மேசையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லையாம். பிறகு ஒருவர் எழுந்து தேநீர் வைக்கப் போனாராம்.

நான் அவனிடம் உடனே எதுவும் சொல்லவில்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு நாள் இரவு, பக்கம் கட்டும் நேரத்தில் ஒரு பஸ் விபத்துச் செய்தி வந்தது. சாரதி வேகமாகச் செலுத்தியதாக நேரில் கண்டவர்கள் கூறினர் என்பது முதற்பந்தி. பிரேக் இயங்கவில்லை எனச் சாரதி தெரிவித்தார் என்பது கடைசி வரி. இடம் போதவில்லை. கடைசி வரியை நான் வெட்டினேன். கடைசி வரியிலிருந்து வெட்டுவதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை. நான்காம் நாள் அந்தச் சாரதியின் தமையனார் வேட்டி சால்வையுடன் அலுவலகப் படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை என் மேசையில் விரித்து வைத்து, "தம்பி, இதில ஒரு வரி குறையுது" என்றார். அடுத்த நாள் திருத்தம் போட்டோம், ஏழாம் பக்கத்தில், எவரும் காணாத மூலையில்.

பகடையை மறைப்பது அந்த வரியை வெட்டுவதற்குச் சமமானது. தற்செயலாக நேர்ந்ததை எடுத்துவிட்டால், மிஞ்சுவது ஒரு மனிதரின் குற்றம் மட்டுமே. ஆடியவள் துணிந்தவள். எழுதியவனின் பேனாவில் அவள் கோழையானாள். ஓடச் சொன்ன வீரன் அந்தக் குறிப்பில் எங்கே இருந்தான் என்று தேடிப் பார்த்தேன். குன்றின் உச்சியில், காற்றில் அங்கி பறக்க, துயரத்துடன் நின்றுகொண்டிருந்தான்.

இது வெறும் விளையாட்டுத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கற்பனைச் சிறுவன், கற்பனைப் பாலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கால் மணித்தியாலம் வாதாடியது கற்பனை அன்று. நால்வர் முன்னிலையில் ஒருத்தி தனித்து நின்றதும் கற்பனை அன்று. அந்த மேசையில் உண்மையாகவே நடந்தவை அவை இரண்டும்தான். குறிப்பில் இல்லாமற் போனவையும் அவை இரண்டும்தான்.

பென் றொபின்ஸ் என்ற ஆட்ட நடத்துநர், தாம் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற தொடராட்டத்தைப் பற்றி 2007 இல் எழுதியிருக்கிறார். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். நிலையான குழு இல்லை, குறித்த நாள் இல்லை. இன்று நால்வர் போவார்கள், அடுத்த முறை வேறு நால்வர். போய் வந்தவர்கள் எழுதும் குறிப்பை நம்பித்தான் அடுத்தவர்கள் புறப்பட வேண்டும். வரைபடத்தையும் ஆடியவர்களே வரைந்து பொதுவில் வைத்தார்கள். அங்கே குறிப்பு எழுதுபவர் அலங்காரத்துக்காக ஒரு குகையை இடம் மாற்றினால், அதை வாசித்துப் போகிறவரின் பாத்திரம் செத்துப்போகும். எழுதியதற்கு விளைவு உண்டு என்று தெரிந்தவர்கள் கவனமாகவே எழுதுவார்கள். நம்முடைய மேசைகளிலும் விளைவு உண்டு. அது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னவை மிகச் சாதாரணமான செய்தி மேசை விடயங்கள். பதினொரு பக்கத்தை இரண்டாக்கு. பகடையில் விழுந்ததை எழுது. யார் எதைச் செய்ய விரும்பினார், எது தடுத்தது என்பதை எழுது. உன்னுடைய பாத்திரம் செய்த மடைத்தனத்தை முதலில் எழுது, மற்றவர்களுடையதைப் பிறகு பார்க்கலாம். பாத்திரத்தின் பெயரையும் ஆடியவரின் பெயரையும் குழப்பாதே. வெளியே அனுப்பும் முன்னர் அந்த ஐவருக்கும் காட்டு. ஒருவர் வேண்டாம் என்றால் அனுப்பாதே. மேசையில் பேசியதெல்லாம் ஊருக்குப் பேசியது அன்று. பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறோம் என்று தெரிந்து பேசுபவரின் பேச்சு வேறு, நண்பர்கள் மத்தியில் பேசுபவரின் பேச்சு வேறு. நாளை எழுதப்படுவோம் என்ற அச்சம் வந்துவிட்டால், அடுத்த முறை பாலத்தில் எவரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

"அப்ப அழகா எழுதவே கூடாதோ?" என்று சற்றுக் கோபத்துடன் கேட்டான். எழுதலாம். அவன் தொலைபேசியில் சொன்ன அந்த இருபது நிமிடம் அழகாகத்தான் இருந்தது. தேநீர் வைக்க எழுந்து போனவரைப் பதினொரு பக்கத்தில் ஓரிடத்திலும் காணவில்லையே என்பதுதான் என் குறை.

ஒரு கிழமை கழித்துப் புதிய குறிப்பு வந்தது. இரண்டே கால் பக்கம். பாலத்தில் நடந்தது முழுவதும் திருப்பி எழுதப்பட்டிருந்தது. ஓடச் சொன்னது யார் என்பதும் இருந்தது. முதலில் அவளுக்குத்தான் அனுப்பினானாம். அவள் ஒரேயொரு திருத்தம் மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறாள். அந்தத் திருத்தத்தை அவன் குறிப்பின் தலையிலேயே, தடித்த எழுத்தில் போட்டிருந்தான்: விழுந்தது மூன்று அல்ல, நான்கு.